போக்கர் ஆட ஒரு பக்கக் குறிப்பும் அதில் விட்டுப்போன எச்சரிக்கையும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் கேட்கக் கூடாது. பதினொரு மாதத்துக்கு முன்னால், டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்பும்போது, வாடகைக் காரின் பின்சீட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்த என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணன் கையில என்ன சீட்டு இருந்துச்சு?"

"கவனிக்கலை" என்றேன்.

பொய். அந்தச் சீட்டுகளை அவர் முன்னால் செருகியவன் நான். கீழே விழுந்தபோது பொறுக்கியவனும் நான். அவள் கேட்ட அந்த நிமிடம் இரண்டு சீட்டும் என் சட்டைப்பைக்குள் இருந்தன. நான் சொன்னது பொய் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் மேற்கொண்டு கேட்கவில்லை. அன்றைக்குப் பிறகு இன்றுவரை கேட்கவே இல்லை.

கதையில் அவளை "என் மனைவி" என்று எழுத வரவில்லை. அப்படி எழுதினால் கை தானாகவே நல்ல நல்ல வார்த்தையாகப் போட ஆரம்பித்துவிடுகிறது. ஆகவே தையல்காரி என்று எழுதப்போகிறேன். அவள் தொழிலும் அதுதான். என்னைக் குறிப்புக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிக்சி, குக்கர், இஸ்திரிப் பெட்டி வாங்கினால் உள்ளே நாலாக மடித்த தாள் ஒன்று இருக்குமே, பிரித்துக்கூடப் பார்க்காமல் தூக்கிப் போடுவீர்களே, அதை எழுதுகிறவன் நான். இருபத்தாறு வருஷமாக எழுதுகிறேன். "ஈரக் கையால் தொடாதீர்கள்" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் ஆயிரம் தடவை எழுதியிருப்பேன்.

2

ஆரம்பங்கள். எழுதி அடித்ததையும் விட்டு வைக்கிறேன், நீங்களே பாருங்கள்.

"அன்று காலையிலிருந்தே வானம் இருண்டு—"

இருளவில்லை. பளிச்சென்று வெயில் அடித்தது. சிஸ்டர் திரையை இழுத்து விட வேண்டியிருந்தது.

"ஸ்டியரிங் என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட அந்த லாரி டிரைவர், மரணத்தின் வாசலில்—"

சே. அவர் எந்த வாசலிலும் இல்லை, மூன்றாம் நம்பர் நாற்காலியில் இருந்தார். பிஸ்கட் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தையல்காரி அதுவரை சீட்டுக்கட்டைத் தொட்டதே இல்லை."

இது உண்மை. இதிலிருந்தே தொடங்கலாம்.

3

தையல்காரி அதுவரை சீட்டுக்கட்டைத் தொட்டதே இல்லை. அவள் கை தொட்டதெல்லாம் கத்தரி, சாக்குக்கட்டி, அளவு நாடா. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, வாரத்தில் மூன்று காலை, செவ்வாய், வியாழன், சனி, நான்காம் நம்பர் நாற்காலியில் இடது கையில் இரண்டு ஊசியோடு நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பது அவள் வேலையாகிவிட்டது. ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய், மெஷினில் சுத்தமாகி, இன்னொரு குழாயில் உள்ளே வரும். உடம்பில் தங்கிய தண்ணீரையும் மெஷினே உறிஞ்சி எடுக்கும். ஊசி குத்தின கையை அசைக்கக் கூடாது. நாலு மணி நேரம் சும்மா இருப்பது எப்படி என்று முப்பது வருஷம் உழைத்தவளுக்குத் தெரியவில்லை.

பக்கத்து நாற்காலிக்காரர்தான் ஸ்டியரிங். லாரி ஓட்டியவர், இப்போது ஓட்ட முடியாது. ஆனாலும் பேசும்போது சும்மா இருக்கும் இடது கை காற்றில் வளைவு எடுத்துக்கொண்டே இருக்கும், அதனால் அந்தப் பெயர். முதல் நாளே தையல்காரியைத் தங்கச்சி ஆக்கிக்கொண்டார். அந்த முறையில் குறிப்புக்காரன் மாப்பிள்ளை ஆனான்.

"மாப்ள, சும்மா ஸ்டூல்ல உக்காந்து எங்க மூஞ்சியப் பாக்குறீங்களே, ஏதாவது செய்யுங்களேன். தங்கச்சி பாவம், கூரைய எண்ணிக்கிட்டிருக்கு."

குறிப்புக்காரன் அடுத்த முறை ஒரு சீட்டுக்கட்டைக் கொண்டுபோனான். எதற்குப் போக்கர்? காரணம் அற்பமானது. ஒரு பொம்மைக் கம்பெனி போக்கர் பெட்டி ஒன்றை விற்கப் போகிறது என்று சொல்லி, உள்ளே வைக்கும் தாளை என்னிடம் எழுதச் சொன்னது. நான் ஒரு ஆட்டம்கூட ஆடிப் பார்க்காமல் எழுதினேன். (குக்கரிலும் நான் சமைத்ததில்லை.) கம்பெனி கடைசியில் பெட்டியை விற்கவில்லை. தாள் மட்டும் என்னிடம் மிச்சம். எழுதினது வீணாகக் கூடாது என்ற எழுத்துக்காரப் புத்தி, வேறென்ன.

தாளில் இருந்தது இவ்வளவுதான்: ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவருக்குக் காட்டாமல். நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொது. அதில் முதலில் மூன்றைத் திறக்க வேண்டும், அப்புறம் ஒன்று, கடைசியாக ஒன்று. கையில் இருக்கும் இரண்டும் நடுவில் இருக்கும் ஐந்தும் சேர்ந்த ஏழில், சிறந்த ஐந்தை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவை திறந்ததும் பந்தயம்: எதிராளி வைத்த அளவே வைக்கலாம், ஏற்றி வைக்கலாம், அல்லது முடியாது என்று சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். ஐந்தாவது விதி: எதிராளி "காட்டு" என்று கேட்டுவிட்டால், கேட்கப்பட்டவர் முதலில் காட்ட வேண்டும். ஆறாவது: சீட்டுப் போடுகிறவர் ஆட்டத்தின் நடுவில் வாயைத் திறக்கக் கூடாது. ஏழாவது: கையில் என்ன இருந்தாலும் முகத்தில் காட்டாதீர்கள்.

பந்தயத்துக்குத் தையல்காரியின் பொத்தான் டப்பா வந்தது. சட்டைப் பொத்தானுக்கு மதிப்பு ஒன்று, கோட்டுப் பொத்தானுக்கு ஐந்து, பித்தளைப் பொத்தானுக்கு இருபத்தைந்து.

"இதுல ராஜா பெருசா, ஏஸ் பெருசா?"

"ஏஸ்."

"ராஜாவுக்கு மேல ஒத்தப் பூ போட்ட சீட்டா? நல்ல ராஜாங்கம்" என்றாள் தையல்காரி.

முதல் வாரம் தலையும் வாலும் புரியாமல் ஆடினாள். சின்னச் சின்ன ஜோடி வந்தால் "இது துண்டுத் துணி" என்று ஒதுங்கிவிடுவாள்; ஐந்தும் ஒரே ஜாதிச் சீட்டாக வந்த அன்றைக்கு, அது எவ்வளவு பெரிய கை என்று தெரியாமல், "கலர் நல்லா மேட்ச் ஆகுது, அதுக்காக வச்சிருந்தேன்" என்று வெட்கத்தோடு காட்டினாள். ஸ்டியரிங் தன் பித்தளைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவள் பக்கம் தள்ளினார்.

"மாப்ள, என்ன பொண்ணுய்யா இது! தெரியாம ஆடியே என்னைத் தெருவுல விட்டுடும் போல."

ஐந்தாம் நம்பர் நாற்காலியில் மேனேஜர் ஒருவர் இருந்தார். அவருக்கும் சீட்டுப் போடுவோம். பார்த்த உடனே கவிழ்த்துவிட்டுத் தூங்கிவிடுவார். ஏழாவது விதியை அந்த அறையில் முழுசாகக் கடைப்பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. இதைக் கவனிக்காமல் தாண்டிவிடாதீர்கள், கதை இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு கை கட்டுண்டவர் சீட்டைப் பிடித்துக்கொள்வது கஷ்டம். ஆகவே தையல்காரி துணியில் இரண்டு உறை தைத்தாள், கண்ணாடிக் கூடு மாதிரி நிமிர்ந்து நிற்கும். சீட்டை உள்ளே செருகினால் ஆடுகிறவருக்கு மட்டும் தெரியும். அவளுக்கு வலது கை சும்மா இருந்ததால் தானே செருகிக்கொள்வாள். ஸ்டியரிங்குக்கு ஊசி இருந்தது வலது கையில். இடது கை விரல்கள் சொன்னபடி கேட்காது. அவருக்கு நான் செருகுவேன். அதாவது அவர் சீட்டு ஒவ்வொன்றும் அவருக்கு முன்னால் எனக்குத் தெரியும்.

4

ஸ்டியரிங் பற்றி எனக்கே சந்தேகம் வருகிறது. கதையில் ரொம்ப நல்லவராக வருகிறார். செத்துப்போனவர்களை எழுதும்போது இந்தக் கஷ்டம் இருக்கிறது. அவர் குறையையும் எழுத வேண்டும். எழுதுகிறேன்.

மனுஷன் தண்ணீர் விஷயத்தில் கடைந்தெடுத்த கள்ளன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவர் ஐஸ்கட்டி வாயில் போட்டுக்கொண்டு, "இது தண்ணி இல்ல மாப்ள, கட்டி" என்பார். நாற்காலியில் ஏறும் முன் எடை பார்ப்பார்கள். கூடின எடைதான் உடம்பில் தங்கின தண்ணீர், அவ்வளவையும் மெஷின் இழுக்க வேண்டும். நிறைய இழுத்தால் காலைப் பிடித்து இழுக்கும், தலை சுற்றும், ரத்த அழுத்தம் இறங்கும். ஆகவே ஸ்டியரிங் எடை மெஷினில் நிற்கும்போது பக்கத்துச் சுவரில் ஒரு விரலை ஊன்றி ஒரு கிலோவைச் சுவருக்குக் கொடுத்துவிடுவார்.

ஆட்டத்திலும் அப்படித்தான். கையில் ஒன்றும் இல்லாதபோதுதான் கோட்டுப் பொத்தானை அள்ளி வைப்பார். முகமோ சிமெண்ட் பூசினது மாதிரி இருக்கும். என் தாளின் ஏழாவது விதியை அவர் மூன்றே வாரத்தில் கரைத்துக் குடித்துவிட்டார். எனக்கு அதில் பெருமை. நான் எழுதின தாளை ஒருவர் படித்து, அதன்படி நடந்து, அதில் தேறினது அதுதான் முதல் தடவை.

ஆனால் தையல்காரி மனிதர்களை அளந்து பிழைத்தவள். யாருக்கு எந்தத் தோள் இறக்கம் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். ஒரு வியாழக்கிழமை வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"கண்டுபிடிச்சுட்டேங்க. அண்ணன் மூஞ்சியப் பாக்கவே கூடாது. காலப் பாக்கணும். கையில ஒண்ணும் இல்லாம ஏமாத்தறப்ப, இடது கால் விரலு போர்வைக்குள்ள மடங்குது. பிரேக்க மிதிக்கிற மாதிரி."

அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து வெகு நாளாகியிருந்தது. நானும் அடுத்த ஆட்டங்களில் பார்த்தேன். அவள் சொன்னது சரி. சீட்டு எனக்குத் தெரியும் அல்லவா. வெறும் கையோடு அவர் பொத்தான் தள்ளினபோதெல்லாம் விரல் மடங்கினது. நல்ல கை இருந்தபோது ஒரு தடவைகூட மடங்கவில்லை. தையல்காரி வெளுத்து வாங்கினாள். பித்தளைப் பொத்தான் எல்லாம் அவள் பக்கம் வந்தது.

"என்னமோ சூனியம் வச்சிருக்கு தங்கச்சி" என்பார் அவர்.

"போங்கண்ணே, உங்களுக்கு ஆடத் தெரியல."

5

அந்தச் செவ்வாய்க்கிழமை. எழுதாமல் ஓட்டிவிடலாமா என்று பார்த்தேன். முடியாது, நீங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள்.

சனிக்கிழமைக்குப் பிறகு இரண்டு நாள் இடைவெளி. ஸ்டியரிங்கை எடை மெஷினில் சுவர் விரலோடு சிஸ்டர் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். விரலை எடுத்ததும் முள் ஏறினது, நாலு கிலோ அதிகம். "வெக்கமா இல்லயாண்ணே உங்களுக்கு? இன்னிக்கு எல்லாத்தையும் எடுத்தாகணும். ஏதாவது பண்ணுச்சுன்னா உடனே சொல்லணும், புரியுதா?" என்று சொல்லிவிட்டு மெஷினில் அளவைக் கூட்டி வைத்தாள். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார். அதற்கப்புறம் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மூன்றாவது மணி நேரத்தில் அந்த ஆட்டம். நான் சீட்டைப் போட்டு, அவருடையதைச் செருகினேன். அவர் கையில் இருந்தவை: [                ].

(இப்போதைக்கு அடைப்புக்குறி. திட்டாதீர்கள், காரணம் சொல்கிறேன்.)

நடுவில் திறந்தது ஒன்பது, ராஜா, நாலு. அவர் ஏற்றினார், தையல்காரி சமமாக வைத்தாள். நாலாவது சீட்டு இன்னொரு ஒன்பது. மறுபடி ஏற்றினார். ஐந்தாவது ஏஸ். தையல்காரி கையில் ஒரு ஏஸ் இருந்தது. ஆக அவளுக்கு ஏஸ் ஜோடி, ஒன்பது ஜோடி. நல்ல கை. ஆனால் அவர் கையில் ஒன்பதும் இருந்து ராஜாவும் இருந்தால் அவள் அம்போ.

ஸ்டியரிங் கோட்டுப் பொத்தான்கள் ஐந்தைத் தள்ளினார். முகம் சிமெண்ட்.

தையல்காரி போர்வையின் கீழ்ப்பக்கம் பார்த்தாள். இடது கால் விரல்கள் மடங்கியிருந்தன. அவள் என்னைப் பார்த்து, உதட்டோரம் மட்டும் சிரித்தாள். "எல்லாத்தையும் வைக்கிறேண்ணே" என்று டப்பாவோடு தள்ளினாள்.

அந்த வழியாக வந்த சிஸ்டர் கேட்டாள்: "அண்ணே, என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். நல்லாருக்கேன்."

சிஸ்டர் அந்த முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. மேனேஜரின் மெஷின் கத்தினது, அந்தப் பக்கம் போனாள். அழுத்தம் பார்க்கும் பட்டை அரை மணிக்கு ஒரு முறைதான் கையை இறுக்கும். அடுத்த முறைக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. ஸ்டியரிங் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் யோசித்தார். யோசிக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

(இங்கே ஒரு வரி விட்டிருக்கிறேன்.)

அப்புறம் அவர் கண் மேலே செருகினது. தையல்காரிதான் கத்தினாள். சிஸ்டர் ஓடி வந்து நாற்காலியைத் தலைப்பக்கம் தாழும்படி சாய்த்ததில் சீட்டு வைத்திருந்த பலகை தட்டுப்பட்டு உறை, சீட்டு, பொத்தான் எல்லாம் தரையில் சிதறின. ஆட்கள் வந்தார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள். போகும்போது குனிந்து இரண்டு சீட்டை எடுத்தேன்.

மூன்றாம் நாள் ஸ்டியரிங் போய்விட்டார். அவருடைய மகள் வந்து எல்லோருக்கும் கை கூப்பிவிட்டுப் போனாள். இதயம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தது, முன்னாலேயே தெரிந்திருந்தாலும் என்ன ஆகியிருக்குமோ சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். "சொல்ல முடியாது" என்பதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எவ்வளவு நாள் தூங்குவது?

6

இப்போது அந்த அடைப்புக்குறி. அதற்குள் போட இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி: [இரண்டும் ஏழும்]. போக்கரில் இதைவிட மட்டமான கை கிடையாது. அப்படியென்றால் ஸ்டியரிங் வழக்கம்போல ஏமாற்றினார், வழக்கம்போல விரல் மடங்கினது. தையல்காரி படித்தது சரி. நோவு வந்ததற்கான அடையாளம் எதுவும் அங்கே இல்லை. அவள் மேல் குற்றமே இல்லை.

இரண்டாவது வழி: [ராஜாவும் ஒன்பதும்]. மூன்று ஒன்பது, இரண்டு ராஜா, அவளுடைய இரண்டு ஜோடியால் அடிக்க முடியாத கை. அப்படியென்றால் விரல் மடங்க ஆட்டத்தில் காரணமே இல்லை. அது கால் இழுப்பு. தண்ணீர் அதிகமாகப் போய், அழுத்தம் இறங்கத் தொடங்கினதன் முதல் அடையாளம். அதைத் தையல்காரி பார்த்தாள், பார்த்துச் சிரித்து, டப்பாவோடு பொத்தானைத் தள்ளினாள்.

அவள் காரில் கேட்டது இதைத்தான், புரிகிறதா? ஆட்டத்தில் யார் ஜெயித்தார் என்று யாருக்கு வேண்டும்!

நான் "கவனிக்கலை" என்றபோது அவளைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். இத்தனை மாதமும் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் பிரதியில் இரண்டும் ஏழும் என்றுகூட எழுதிப் பார்த்தேன். அழகாக உட்கார்ந்தது. சீட்டின் ஓரம் மடிந்திருந்தது, ஏழில் ஒரு காபிக் கறை இருந்தது என்றெல்லாம் போட்டேன். நான் பொய் எழுதும்போது விவரம் கூடிவிடும். குறிப்புத்தாளிலும் அப்படித்தான், ஓட்டிப் பார்க்காத மெஷினுக்குத்தான் பக்கம் பக்கமாக எழுதுவேன். இது தையல்காரிக்கும் தெரியும். நான் எழுதுவதை எல்லாம் முதலில் படிப்பவள் அவள்தானே.

8

(ஏழை விட்டுவிட்டேன். அந்த எண்ணைப் பார்க்கப் பிடிக்கவில்லை.)

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? போன செவ்வாய்க்கிழமை சிஸ்டர் என்னை நடைபாதைக்குக் கூப்பிட்டாள்.

"சார், உங்க வீட்டம்மாகிட்ட கொஞ்சம் பேசுங்க. என்ன பண்ணுதுன்னு கேட்டா ஒண்ணுமில்லன்னுதான் சொல்றாங்க. சனிக்கிழம பிரஷர் எவ்வளவுக்கு இறங்கிருச்சு தெரியுமா? மெஷின் காட்டின பிறகுதான் எனக்கே தெரிஞ்சுது. அந்த நிமிஷம் வரைக்கும் மூஞ்சியில ஒண்ணும் தெரியல. தலை சுத்தியிருக்கும், கால் இழுத்திருக்கும், வலி தாங்காது. எப்பிடி உக்காந்திருந்தாங்கன்னே தெரியல."

"எத்தனை நாளா இப்படி?"

"அந்த அண்ணன் போனதுல இருந்தே இப்பிடித்தான்."

அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருத்தி தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கால் இழுக்க இழுக்க, வாயைத் திறக்காமல், பதினொரு மாதமாக இன்னொருத்தர் கையை ஆடிக்கொண்டிருக்கிறாள். தண்டனையா, வீம்பா, அந்த அண்ணனுக்கு வலித்தது எப்படி இருந்தது என்று பார்க்கிறாளா, எனக்குத் தெரியாது. கேட்டால் ஒண்ணுமில்ல என்பாள். ஏழாவது விதியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

இருபத்தாறு வருஷத்தில் நான் எழுதின தாள்களில் எச்சரிக்கைப் பகுதி இல்லாத தாள் அது ஒன்றுதான். சீட்டுக்கட்டில் என்ன ஆபத்து என்று நினைத்துவிட்டேன். ஆடுகிறவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. முகத்தில் தெரிந்தால்தான் உயிர் பிழைக்கும் என்று இருக்கிறவர்களுக்கு, முகத்தில் காட்டாதே என்று எழுதிக் கொடுத்த மடையன் நான்.

9

நேற்று மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் இதை எழுதிக்கொண்டிருந்தேன். இங்கே இனிமேல் தையல்காரி இல்லை. என் மனைவி. அவள் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, இடது கையைப் பழக்கத்தில் அசையாமல் மேஜைமேல் வைத்துக்கொண்டு, வலது கையால் ஒரு பாவாடை நாடாவைக் கோத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதறீங்க? குக்கரா?"

"இல்ல. கதை."

"கதையா! எத்தனை வருஷமாச்சு. யாரு கதை?"

அவள் நாடாவை இழுத்தாள்.

"அதுல சீட்டு வருதா?"

"வருது."

"என்ன சீட்டுன்னு எழுதியிருக்கீங்க?"

"அடைப்புக்குறி போட்டு விட்டிருக்கேன்."

அவள் தலைநிமிர்ந்தாள். "எதுக்கு விட்டிருக்கீங்க? எனக்குத்தான் தெரியுமே. கீழ விழுந்தப்பவே பார்த்தேன்."

"நெஜமாவா? பாத்தியா?"

அவள் மறுபடி நாடாவைக் கோத்தாள். நான் அந்த முகத்தை என்னால் முடிந்த மட்டும் தேடினேன். முப்பத்திரண்டு வருஷமாகப் பார்க்கிற முகம். பார்த்தாளா, பார்த்ததாகச் சொல்லி என் வாயைப் பிடுங்குகிறாளா? ஒன்றும் தெரியவில்லை. கால் விரலைப் பார்க்கலாமே என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மேஜைக்குக் கீழே குனிந்தேன். இரண்டு காலையும் மடக்கி நாற்காலிமேல் வைத்துப் போர்வையால் மூடியிருந்தாள்.

"பேனா விழுந்துருச்சா?" என்றாள்.

"ஆமா."

"கையிலதான இருக்கு."

அப்புறம் நாடாவைக் கடித்து அறுத்துவிட்டு எழுந்தாள். "எழுதி முடிங்க. படிச்சுக்கறேன். ஆனா இந்தத் தடவ நீங்கதான் காட்டணும்."

10

ஐந்தாவது விதி. கேட்கப்பட்டவர் முதலில் காட்ட வேண்டும். நான் எழுதினதுதான்.

இதுவரை "நீங்கள்" என்று எழுதினதெல்லாம் பொதுவாக. இனி எழுதுவது ஒருத்திக்கு. மற்றவர்கள் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும்.

அவர் கையில் இருந்தவை: [ராஜாவும் ஒன்பதும்].

காபிக் கறை இல்லை, ஓரம் மடியவில்லை. மேஜை இழுப்பறையில், போக்கர் தாளுக்குள் இருக்கின்றன. நீ பார்த்திருந்தால் உனக்கு இது புதுசு இல்லை. பார்க்காமல் சொல்லியிருந்தால், நல்லா ஆடினாய், நான் மாட்டிக்கொண்டேன்.

உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து மறைத்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன் பார், அது பாதிதான். மீதி இது. நீ பார்த்தது விரலை மட்டும். விரல் மடங்கினால் கையில் ஒன்றும் இல்லை, உனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான், அந்தக் கணக்கில் நீ செய்தது தப்பே இல்லை. நான் விரலையும் பார்த்தேன், சீட்டையும் பார்த்தேன். அப்படி ஒரு கையை வைத்துக்கொண்டு அந்த விரல் மடங்கக் கூடாது என்று தெரிய வேண்டிய ஆள் அந்த அறையில் ஒருவன்தான் இருந்தான். அவன் என்ன நினைத்தான் தெரியுமா? "அடடா, தங்கச்சியின் தந்திரத்தை அண்ணன் கண்டுபிடித்துவிட்டார், வேண்டுமென்றே விரலை மடக்குகிறார், இன்றைக்கு இவள் மாட்டினாள்" என்று நினைத்தான். உள்ளுக்குள் சிரித்தான். கதையாக எழுதினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

விட்டுப்போன வரியையும் எழுதிவிடுகிறேன். நீ டப்பாவைத் தள்ளிய பிறகு, சிஸ்டர் அந்தப் பக்கம் போன பிறகு, அவர் என்னைப் பார்த்து மெதுவாக, "மாப்ள" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நீ பொத்தானை அடுக்கிக்கொண்டிருந்தாய், உன் காதில் விழுந்ததோ என்னவோ. சமமாக வைக்கலாமா என்று யோசனை கேட்கிறார் என்று நினைத்து, ஆறாவது விதிப்படி, சீட்டுப் போடுகிறவன் பேசக் கூடாது என்று, நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே காட்டினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் வாயை மூடிக்கொண்டார்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் மகள் என்னைப் பார்த்துக் கை கூப்பினபோதும் சொல்லவில்லை. உன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வாரம் மூன்று நாள் சொல்லாமல் இருந்தேன். நீயோ உன் விரல் கணக்கை நினைத்துக்கொண்டு, அந்த நாற்காலியில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாய். என் பங்கையும் சேர்த்து நீ சுமந்தாய். மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை, எழுதவாவது எழுதுகிறேன்: மன்னித்துவிடு.

கதைக்கு முடிவு மூன்று யோசித்தேன். ஒன்றில் நீ இதைப் படித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் தைக்கப் போகிறாய். ஒன்றில் என்னை நன்றாகத் திட்டுகிறாய். மூன்றாவதை எழுதும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது, கிழித்துவிட்டேன். முடிவு என் கையில் இல்லை. நான் காட்டியாகிவிட்டது, இனி உன் முறை.

எச்சரிக்கையை மட்டும் இப்போதாவது சேர்க்கிறேன். தாளில் ஏழாவது விதியை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: நாற்காலியில் இருக்கும்போது எதையும் மறைக்காதீர்கள்.

நாளைக் காலை எட்டு மணிக்குச் சிஸ்டர் கேட்பாள். அதற்கு முன்னால் நான் கேட்கிறேன். பென்சில் இந்தத் தாளின் மேலேயே இருக்கிறது. நீ "ஒண்ணுமில்ல" என்று எழுதுவதாக இருந்தால் எழுத வேண்டாம், இடத்தைக் காலியாகவே விட்டுவிடு, நான் காத்திருக்கிறேன்.

உனக்கு என்னம்மா பண்ணுது?

[                                        ]